கழுகு நடந்த காடு

ஒரு காட்டில் ஒரு கழுகு நடந்து போனது.

பறந்து இல்லை, குழந்தைகளே. நடந்து. இரண்டு காலால், சேற்றில், கோழி மாதிரி. தலையில் குடுமி வேறு. நினைத்தாலே சிரிப்பு வருகிறது இல்லையா? வரும். ஆனால் இப்போது வேண்டாம். வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். கழுகு நடப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கதை தொடங்கும்போது அது உயரத்தில், நல்ல கம்பீரமாக, பறந்துகொண்டுதான் இருந்தது.

அதன் கீழே இருந்தது ஒரு மழைக்காடு. மலைச்சரிவு முழுக்க மரம். ஒரு மரத்தின் தோளில் இன்னொரு மரம் ஏறி நிற்கிற மாதிரி நெருக்கம். வானத்தில் மழை நின்ற பிறகும் இலைகளுக்குள் வெகு நேரம் மழை பெய்துகொண்டிருக்கும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது. வானத்திலிருந்து குனிந்து பார்த்தால் உள்ளே தெரியாது.

கழுகு எப்போதும் வானத்திலிருந்துதான் பார்த்தது.

அதன் வீடு மலையுச்சியில் ஒரு மொட்டைப் பாறை. பசித்தால் புல்மேட்டுப் பக்கம் போய் எலியோ முயலோ பிடிக்கும். காடு அதற்குச் சாப்பிடுகிற இடம் இல்லை, பார்க்கிற இடம். புதுப் புடவையை விரித்து எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களே, அப்படித் தினமும் காலையில் பாறையில் உட்கார்ந்து காட்டைப் பார்க்கும். உண்மையாகவே அதற்குக் காட்டின் மேல் அவ்வளவு ஆசை.

மற்ற பிராணிகள் அதற்கு வைத்த பெயர் குடுமியார். மரியாதையாகத்தான் சொல்வார்கள், எதிரில் இருந்தால்.

குடுமியாருக்கு ஒரு கவலை இருந்தது. மேலேயிருந்து பார்க்கும்போது காடு சும்மா இருக்கவில்லை. இங்கே ஒரு கிளை ஆடும், அங்கே ஒரு கொத்து காணாமல் போகும். கறுப்பு மந்திக் கூட்டம் வெடிப்பலா மரத்தில் ஏறிக் காய்களைத் திருகும். மலையணில் பட்டையை உரிக்கும். இருவாச்சிப் பறவை அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் அடுக்கிக்கொண்டு எங்கோ பறந்து போகும்.

மேலே இருப்பவருக்குப் பறிப்பது தெரியும். கீழே போடுவது தெரியாது. போடுவதெல்லாம் இலைக்கு அடியில் போய்விடுகிறதே.

ஒரு நாள் கழுகு இருப்பதிலேயே உயரமான மரத்தில் வந்து உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டது. எல்லோரும் பயந்துகொண்டே உச்சிக் கிளைகளுக்கு வந்தார்கள்.

“இந்தக் காட்டிலிருந்து நீ என்ன எடுக்கிறாய்?” என்று முதலில் மந்தியைக் கேட்டது.

மந்தி சண்டைக்காரி. ஆனால் கழுகின் நகத்தைப் பார்த்ததும் சண்டை அடங்கிவிட்டது. கன்னம் இரண்டும் உப்ப அது பழத்தை அடக்கி வைத்திருந்தது. “பழம்தான்” என்று வாயைத் திறந்தபோது ஒரு கொட்டை தெறித்துக் கீழே விழுந்தது. இலைகளுக்குள் எங்கோ போனது. கழுகு அதைக் கவனிக்கவில்லை.

அடுத்து மலையணில். அதற்குக் குறை சொல்லாமல் பேச வராது. கூடு கட்டக் குச்சி எடுப்பதாகவும், குச்சியெல்லாம் முன்போல் நன்றாக இல்லை என்றும், கொட்டைகளை ஒளித்து வைத்தால் வைத்த இடமே மறந்துபோகிறது என்றும், மறந்த இடத்திலெல்லாம் செடி முளைத்துத் தொந்தரவு செய்கிறது என்றும் நீட்டிக்கொண்டே போனது. கழுகு குச்சியோடு கேட்பதை நிறுத்திவிட்டது.

இருவாச்சி கடமை தவறாதவன். வாயை மண்ணால் அடைத்த மரப்பொந்துக்குள் மனைவியும் குஞ்சும் இருக்கிறார்கள், விடிந்தால் பழம் சுமக்க ஆரம்பித்து இருட்டினால்தான் நிற்பேன் என்று பெருமையாகச் சொன்னது. பாவம், பெருமைப்பட்டிருக்கக் கூடாது.

“நாள் முழுக்கவா?” என்றது கழுகு. “இத்தனை பேர் இப்படி எடுத்தால் காட்டில் என்னதான் மிஞ்சும்?”

அவர்கள் அதுவரை அப்படி ஒரு கேள்வியை நினைத்ததே இல்லை. காடு எப்போதும் மிஞ்சியேதான் இருந்தது.

கழுகு அன்றே தீர்ப்புச் சொன்னது. இனிமேல் காட்டைத் தானே காப்பாற்றப் போவதாகவும், எடுப்பவர்கள் எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்றும் சொன்னது. அங்கே தேயிலைத் தோட்டம் இருக்கிறது, சில்வர் ஓக் மரங்கள் அழகாக வரிசையில் நிற்கின்றன, இங்கே மாதிரி தாறுமாறு இல்லை, காற்றும் வெளிச்சமும் தாராளம் என்று ஆசை காட்டியது. அது பொய் சொல்லவில்லை. மேலேயிருந்து பார்க்க அந்த இடம் அப்படித்தான் இருந்தது.

குஞ்சு பொந்திலிருந்து வெளியே வரும்வரையாவது பொறுக்க வேண்டும் என்று இருவாச்சி கேட்டுக்கொண்டது.

“தாராளமாக. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை” என்றது கழுகு.

கடைசியில் கரிச்சான் மிஞ்சியது.

கரிச்சானைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கழுகை நடக்க வைக்கப் போவது இந்தப் பயல்தான். கறுப்புக் குருவி. வாலில் இரண்டு நீண்ட கம்பி, கம்பி முனையில் துடுப்பு மாதிரி இறகு. ஒரு துடுப்பு எங்கோ சண்டையில் போய்விட்டது, மற்றொன்றை ஆட்டிக்கொண்டு திரியும். எந்தக் குரலைக் கேட்டாலும் அந்த நிமிடமே அதே குரலில் திருப்பிச் சொல்லும். மந்தியின் குரலில் “பாம்பு, பாம்பு” என்று கத்தும். கூட்டமே கிளை கிளையாகத் தாவி ஓடும். அந்தக் கலவரத்தில் இலைக்கு அடியிலிருந்து கிளம்புகிற பூச்சியை இது லபக்கென்று பிடித்துத் தின்னும். மந்திகள் திரும்பி வந்து திட்டும். அந்தத் திட்டையும் அப்படியே அதே குரலில் திருப்பிக் கொடுக்கும்.

“நீ என்ன எடுக்கிறாய்?” என்று கேட்டது கழுகு.

“பூச்சிங்க. அதுவும் பறக்கிற பூச்சி மட்டும்” என்றது கரிச்சான்.

கழுகு யோசித்தது. பூச்சி போவது மேலேயிருந்து தெரிந்ததே இல்லை. “அப்படியானால் நீ இருக்கலாம். கீழே எனக்குக் காவலாக இரு. யாராவது திரும்பி வந்தால் சொல்.”

காவல்காரன் வேலை கிடைத்ததும் கரிச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. கழுகு பறந்து போன கையோடு, அதன் குரலிலேயே தீர்ப்பை மறுபடி சொல்லிக் காட்டியது. குடுமியைச் சிலிர்ப்பதற்குப் பதிலாக வாலைச் சிலிர்த்தது. நன்றாகத்தான் செய்தது.

யாரும் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்க வேண்டாம், இது அந்தச் சிரிப்பு இல்லை.

மந்திக் கூட்டம் குட்டிகளை வயிற்றில் அணைத்துக்கொண்டு கிளம்பியது. போகும்போது தலைவி மட்டும் ஒரு கிளையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“டேய் வாயாடி, நாங்க போன பிறகு யாரைடா கிண்டல் பண்ணுவே?”

கரிச்சான் அந்தக் கேள்வியையும் அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

மலையணில் முணுமுணுத்துக்கொண்டே போனது. சில நாள் கழித்து இருவாச்சியும், பொந்தை உடைத்து வெளியே வந்த மனைவியும், பறக்கத் தெரிந்தும் தெரியாத குஞ்சும் மூன்று பேருமாக மலையைத் தாண்டினார்கள்.

காட்டில் கிளைகள் ஆடுவது நின்றது. கழுகு பாறையில் உட்கார்ந்து பார்த்தது. கிழிசல் இல்லாத பச்சை. நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டது.

கீழே கரிச்சானுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லை என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் பசித்தது.

முன்பெல்லாம் மந்தி கிளையை உலுக்கும், பூச்சி பறக்கும், இது பிடிக்கும். இப்போது உலுக்க ஆள் இல்லை. பூச்சிகள் இலைக்கு அடியில் சொகுசாகப் படுத்துக்கொண்டன. கரிச்சானே ஒவ்வொரு இலையாகப் போய்ச் சிறகால் அடித்துப் பார்த்தது. நாள் முழுக்க அடித்தால் ஒரு வேளைக்குக்கூடக் கிடைக்கவில்லை.

வழக்கம்போல “பாம்பு, பாம்பு” என்று கத்திப் பார்த்தது. யாரும் ஓடவில்லை. ஓடுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் பொய் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மழைக்காலம் வந்தது. மூடுபனி மரங்களுக்குள் நுழைந்து, யாரையும் காணாமல், மறுபக்கம் வழியாக வெளியே போனது. கரிச்சான் ஒரு கிளையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. எப்போதும் அந்த நேரத்தில் மந்திகள் சண்டை போடும். நனையாத இடம் யாருக்கு என்று தாய் கத்துவாள், குட்டி சிணுங்கும், கிழட்டு ஆண் மந்தி மட்டும் எதற்கும் “கூ” என்று கொட்டாவி விடும்.

கரிச்சான் மெதுவாக அந்தச் சண்டையைச் செய்தது. தாயாகக் கத்தியது. குட்டியாகச் சிணுங்கியது. இடையிடையே “கூ” என்றது. சண்டை நன்றாகச் சூடுபிடித்தது. முடிந்ததும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. உடனே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

மறுநாள் மலையணிலின் புலம்பல். அதற்கு மறுநாள் இருவாச்சி மனைவியைக் கூப்பிடும் குரல். அதற்கு மனைவி பதில் சொல்லும் குரல். இரண்டையும் ஒரே தொண்டையில் சொல்ல வேண்டியிருந்ததால் கூப்பிட்ட உடனே பதில் வராது. நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கரிச்சான் காதைத் தீட்டிக் கேட்கும், தானே சொல்லப் போகும் பதிலை.

இந்தக் குரல்கள் பாறைவரை போயின. ஒரு காலையில் கழுகு சீறிக்கொண்டு வந்து உச்சிக் கிளையில் உட்கார்ந்தது.

“கரிச்சான், உள்ளே மந்தி வந்திருக்கிறதா?”

‘இல்லை, நான்தான் கத்தினேன்’ என்று கரிச்சான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கழுகு போய்விடும். அவ்வளவு நாளுக்குப் பிறகு ஒருவர் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

“வந்திருக்கிற மாதிரிதான் தெரியுது, குடுமியாரே. கொஞ்சம் கீழே வந்து பாருங்க.”

கழுகு ஒரு கிளை இறங்கியது. கரிச்சான் பின்பக்கமாகப் போய் மந்திக் குரலில் கனைத்தது. கழுகு அந்தப் பக்கம் பாய்ந்தது. சிறகு கிளையில் மாட்டியது. கரிச்சான் ஓடிவந்து, “இப்பதான் இந்த வழியாப் போச்சு, விட்டுட்டீங்களே” என்று வருத்தப்பட்டது. கழுகுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து மந்திகளின் நன்றிகெட்டதனத்தைப் பற்றிப் பேசியது. கரிச்சான் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்றது. அவ்வளவு சந்தோஷமான “ஆமாங்க”வை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அதிலிருந்து கழுகு அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கிளை கீழே. ஒருநாள் சிலந்தி வலை முழுசாக முகத்தில் அப்பிக்கொண்டது. இன்னொரு நாள் பிரம்பு முள் குடுமியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இழுத்து இழுத்துக் குடுமி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கரிச்சான் உள்ளுக்குள் குலுங்கிக்கொண்டே, வெளியே முகத்தை வாடவைத்துக்கொண்டு முள்ளை எடுத்துவிட்டது.

பொறுங்கள். இதுவும் அந்தச் சிரிப்பு இல்லை.

உட்காரும்போதெல்லாம் கழுகு ஊர்க்கதை சொல்லும். மலைக்கு அந்தப் பக்கம் பறந்தபோது மந்திக் கூட்டத்தைப் பார்த்ததாம். தோட்டத்து நாய்கள் விளையாட்டாகத் துரத்தினவாம், மந்திகள் சாலையில் ஓடினவாம். “எவ்வளவு அகலமான இடம். ஓட என்ன வசதி” என்றது.

கரிச்சான் அன்று “ஆமாங்க” சொல்லவில்லை.

“அங்கே பார்த்த மந்தி இங்கேயும் எப்படி இருக்கிறது?” என்று கழுகு அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திருடர்கள் எங்கும் இருப்பார்கள் என்று அது முடிவு செய்திருந்தது.

இப்படியே சில மழைக்காலங்கள் போயின. ஒருநாள் பெருங்காற்று அடித்தது. கிழட்டு வெடிப்பலா ஒன்று வேரோடு சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் காட்டுக் கூரையில் ஒரு பொத்தல். கழுகு பாறையிலிருந்து பார்த்துத் துடித்துப்போனது. ஆனால் பயப்படவில்லை. மரம் விழுவதும், விழுந்த இடத்தில் இளமரங்கள் முட்டிக்கொண்டு எழுவதும் அது காலம் காலமாகப் பார்த்ததுதான். காத்திருந்தது. கொஞ்ச நாளில் பொத்தலில் பச்சை தெரிந்தது. கழுகு நிம்மதியானது.

கரிச்சான் அந்தப் பச்சையைக் கிட்டப்போய்ப் பார்த்தது. மரக்கன்று ஒன்றுகூட இல்லை. ஏதோ கொடி. தரையோடு தரையாகப் படர்ந்து, கிடந்த மரத்தையும் மூடிவிட்டிருந்தது.

அடுத்த காற்றில் இன்னொரு மரம். அங்கேயும் கொடி.

கரிச்சான் அன்று யார் குரலிலும் பேசவில்லை. ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு மரம் போனால், ஒருநாள் உட்காரக் கிளை இருக்காது. போனவர்கள் திரும்பி வந்தாலும் வருவதற்குக் காடு இருக்காது. அதைக் கழுகிடம் சொல்லலாம்தான். ஆனால் பச்சையைப் பச்சை இல்லை என்று சொன்னால், மேலே உட்கார்ந்திருப்பவர் எப்படி நம்புவார்? அவரே இறங்க வேண்டும். உச்சிக்கிளை, நடுக்கிளை எல்லாம் போதாது. தரைக்கு.

அதுவரை விளையாட்டாகச் செய்ததை அது முதல் தடவையாக வேலையாகச் செய்தது.

மறுநாள் காலை, மரம் விழுந்த ஒரு பொத்தலுக்குப் பக்கத்திலிருந்து இருவாச்சியின் குரல் கேட்டது. கழுகு வட்டமிட்டது. காட்டிலேயே அதன் சிறகு விரிய இடமிருந்தது அந்த மாதிரிப் பொத்தல்களில் மட்டும்தான். நேராக உள்ளே இறங்கித் தரையில் கால் வைத்தது.

குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. மரங்களுக்குள்ளே. அங்கே சிறகு விரிக்க முடியாது.

கழுகு இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, நடந்தது.

இப்போது சிரிக்கலாம், குழந்தைகளே.

கல்யாண மாப்பிள்ளையை வேட்டியோடு வயலில் இறக்கிவிட்ட மாதிரி ஒரு நடை. நகங்கள் உள்பக்கம் வளைந்தவை, ஒரு கால் நகம் மறு கால் நகத்தில் மாட்டிக்கொண்டது. சிறகு தரையில் இழுபடக் கூடாதே என்று இரண்டையும் இடுப்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டது. அட்டைகள் காலில் ஏறின. அது ஒரு காலைத் தூக்கி உதறும், உதறும்போது சாயும், சாயும்போது சிறகை விரிக்கும், விரித்தால் மரத்தில் இடிக்கும். சாய்ந்த குடுமி ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை தலையாட்டியது.

மேலே கரிச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் மலையணில் குரலில் சிரித்தது. அப்புறம் மந்திக் குரலில். அப்புறம் குட்டி மந்தியின் குரலில். ஒரு காடே சிரிக்கிற மாதிரி இருந்தது. சிரித்தது ஒரே ஒரு குருவி.

“இருங்கடா, இருங்க” என்று கறுவிக்கொண்டே கழுகு நடந்தது.

கொஞ்ச தூரத்தில் புளித்த நாற்றம் வந்தது. அத்தி மரத்தடியில் பழங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை அழுகி, அடியில் இருந்தவை கறுத்து. பக்கத்தில் வெடிப்பலாக் கொட்டைகள் விழுந்த இடத்திலேயே முளைத்திருந்தன. தலைமுடி மாதிரி நெருக்கமாக, வெளிறி, தாய்மரத்தின் இருட்டில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு. பாதிக்கு மேல் செத்திருந்தன.

“இதையெல்லாம் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லையா?” என்று கழுகு வாய்விட்டுக் கேட்டது. கேட்டது யாரிடம் என்று அதற்கே தெரியவில்லை.

இன்னும் நடந்தது. பெரிய மரங்கள் இருந்தன. அவற்றின் தூர் மட்டும்தான் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. என்னவோ குறைகிறது. பறந்தவரைக்கும் தெரியாதது, நடந்தபோது தெரிந்தது. தன் உயரத்துக்கு ஒரு கன்றுகூட இல்லை. தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் இல்லை. கிழவர்கள் மட்டும் குடியிருக்கும் ஊர் மாதிரி இருந்தது காடு.

கழுகு நின்றது.

தலைக்கு மேலே இருவாச்சியின் குரல் ஒரு மரத்திலிருந்து கேட்டது. பிறகு அடுத்த மரத்திலிருந்து கேட்டது.

கழுகு தலையைச் சாய்த்தது. இருவாச்சி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போனால் அந்தச் சிறகுச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். புயல் ஒன்று மூச்சு வாங்குகிற மாதிரி. மலையுச்சியில் தூங்குகிறபோதுகூட அந்தச் சத்தத்துக்குக் கழுகு கண் விழித்திருக்கிறது. இப்போது குரல் போனது. சிறகு போகவில்லை.

“இன்னொரு முறை பற” என்றது கழுகு.

மேலே ஒன்றும் அசையவில்லை.

“பறக்கச் சொன்னேன். சத்தமாக.”

கரிச்சான் தாழ்ந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தது. “அது எனக்கு வரமாட்டேங்குது, குடுமியாரே” என்றது, தன் சொந்தக் குரலில். அந்தக் குரலைக் கழுகு அவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை. மெல்லிய, சாதாரணமான குரல். “எவ்வளவோ பண்ணிப் பார்த்தேன். தொண்டையில வர்றதுதான் வருது. சிறகுல வர்றது வரலை.”

“மந்தி?”

“மலைக்கு அந்தப் பக்கம்.”

“அணில்?”

“அந்தப் பக்கம்.”

“அப்படியென்றால் இவ்வளவு நாளும் இந்தக் காட்டில்…”

“நான் ஒருத்தன்தாங்க.”

கழுகு கரிச்சானைப் பார்த்தது. ஒரே எட்டில் பிடித்துவிடலாம். கரிச்சானும் அதைத் தெரிந்துகொண்டுதான் கிட்டே வந்து உட்கார்ந்திருந்தது.

கழுகு பிடிக்கவில்லை. அழுகிய பழக் குவியலைத் திரும்பிப் பார்த்தது. வெளிறிய நாற்றுகளைப் பார்த்தது. பொத்தலில் தான் மிதித்து வந்த பச்சை வெறும் கொடி என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. எடுத்தவர்கள் கொட்டைகளை எங்கெங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அவர்களைக் கூப்பிடு” என்றது. “உனக்குத்தான் எல்லாக் குரலும் வருமே.”

“போகச் சொன்னது என் குரல் இல்லைங்களே.”

அங்கிருந்து பறக்க இடமில்லை. கழுகு மலைமுகட்டைப் பார்த்து, மரங்களுக்கு நடுவே, ஏற ஆரம்பித்தது. கரிச்சான் கிளை கிளையாகக் கூடவே போனது. கழுகின் காலடியில் சருகு கலைந்து பூச்சிகள் கிளம்பின. அன்றைக்குக் கரிச்சானுக்கு நல்ல சாப்பாடு.

முகட்டில் ஏறி நின்றபோது அந்தப் பக்கச் சரிவு முழுவதும் தெரிந்தது. தேயிலை. வரிசையாக மரம். ஓரத்தில், ஒரு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவர்மேல், கறுப்பாகச் சில புள்ளிகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கீழே நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது.

கழுகு வாயைத் திறந்து கூப்பிட்டது. வந்தது வேட்டைச் சீறல்தான். புள்ளிகள் பதறிச் சிதறின.

“அப்படிக் கூப்பிட்டா இன்னும் தூரமாப் போயிடுவாங்க” என்றது கரிச்சான்.

“பின்னே எப்படி? எனக்கு இந்த ஒரு குரல்தானே இருக்கிறது.”

“என்ன சொல்லப் போறீங்க அவங்ககிட்ட?”

கழுகு யோசித்தது. வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். வழியில் நாய் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். பொந்துக்கும் கூட்டுக்கும் காவல் நிற்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதும்போல் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் அதன் வாயில் இதுவரை வந்ததில்லை.

“அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க” என்றது கரிச்சான்.

கழுகு சிறகைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, இன்னொரு முறை கூப்பிட்டது. குரல் பாதியில் உடைந்தது. கேட்பதற்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. திருப்பிச் சொல்லிக் காட்டுவதற்கு அதைவிட நல்ல குரல் கரிச்சானுக்குக் கிடைத்திருக்காது.

கரிச்சான் திருப்பிச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை. கழுகு மறுபடியும் கூப்பிட்டது.

நீதி: காட்டைக் காக்க விரும்புகிறவர், முதலில் காட்டில் வாழ்கிறவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.